ஷிபொலெத் என்றால் என்ன? எப்போது பயன்படுத்துவது?

ஒருவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பேச்சிலேயே காட்டிக்கொடுக்கும் சொல், உச்சரிப்பு அல்லது பழக்கம்தான் ஷிபொலெத். எபிரேய மொழியில் இதற்குத் தானியக் கதிர் என்று பொருள்.

விவிலியத்தில் நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில் இது வருகிறது. கீலேயாத்தியர், எப்பிராயீமர் என்ற இரண்டு இஸ்ரவேலக் கூட்டங்களுக்குள் போர். தோற்று ஓடும் எப்பிராயீமரைக் கண்டுபிடிக்க, யோர்தான் ஆற்றுத் துறைகளைப் பிடித்த கீலேயாத்தியர், கடக்க வந்தவர்களை இந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமருக்கு ‘ஷி’ வராது. ‘சிபொலெத்’ என்றவர்களைக் கொன்றார்கள். மாண்டவர் 42,000 பேர் என்கிறது அந்த நூல். ஒரே ஓர் எழுத்து!

காரணம் எளிது. சின்ன வயதில் பழகாத ஒலி பிற்பாடு நாவில் லேசில் படியாது. ‘வாழைப்பழம்’ சொல்லச் சொல்லிப் பாருங்கள். ‘வாளப்பளம்’ என்றால் ழகரம் பழகாத நாக்கு என்று உடனே தெரிந்துவிடும்.

இன்றைய ஆங்கிலத்தில் இன்னொரு பொருளே அதிகம் புழங்குகிறது: ஒரு கட்சியோ குழுவோ யோசிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும் பழைய முழக்கம். ‘அந்தக் கட்சியின் பழைய ஷிபொலெத்’ என்று எழுதினால் அதில் குறை சொல்லும் தொனி இருக்கும். பாராட்டும் இடத்தில் போடாதீர்கள்.

பலர் இதைக் கடவுச்சொல் என்று நினைக்கிறார்கள். கடவுச்சொல் ரகசியம், தெரிந்தால் போதும். ஷிபொலெத்தில் ரகசியமே இல்லை, தெரிந்தாலும் வாயில் வராது.