"சின்ன அணைதானே" என்றால் பொறுப்பு போய்விடுமா?

கேள்வி: தஞ்சாவூர் வல்லம் பக்கம் எங்கள் ஊர். மேட்டில் ஒரு தனியார் தோப்புக்குள், ஓடையை மறித்து 40 வருடத்துக்கு முன் போட்ட மண் கரை இருக்கிறது. உயரம் 5 மீட்டருக்குள்தான். இப்போது அங்கே விடுதி நடத்தி, படகு விடுகிறார்கள். கரையின் அடியில் தண்ணீர் கசிகிறது. கீழே ஏழு வீடுகள் இருக்கின்றன. கேட்டால், "இது அணைச் சட்டத்திலேயே வராது, ஆபத்தில்லாத அணை" என்கிறார் உரிமையாளர்.

பதில்: அவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு.

2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். உங்கள் கரை அதில் வராது. ஆனால் ஆபத்தை வகைப்படுத்துவது வேறு கணக்கு. உடைந்தால் கீழே யாருக்கு, எவ்வளவு சேதம் என்பதுதான் அங்கே கேள்வி. ஏழு வீடுகளுக்கு மேலே நிற்கும் கரையை, உயரம் குறைவு என்பதற்காக ஆபத்தில்லாதது என்று சொல்லவே முடியாது.

அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் பொறுப்பு இருக்கிறது. கார்வேட்நகர் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமான வழக்கு, ஆங்கிலேயர் காலத்தில் இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பாசன ஏரியைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, கவனக்குறைவு இருந்தால்தான் அவர் பொறுப்பு என்று 1874-இல் தீர்ப்பானது. கவனக்குறைவு இல்லாவிட்டால் பொறுப்பில்லை என்று ஊர் விளைச்சலுக்காக இருக்கும் ஏரிக்குக் கிடைத்த அந்தச் சலுகையை, காசு வாங்கிப் படகு விடத் தேக்கிய தண்ணீருக்குக் கேட்பது கஷ்டம் என்பது என் கருத்து. கேட்டாலும், கசிவு தெரிந்தும் சும்மா இருந்தது கவனக்குறைவுதானே? அதனால்தான் கசிவு உங்கள் ஊர்க் கரையின் உரிமையாளருக்குத் தெரியும் என்பதை முதலில் எழுத்தில் பதிவு செய்யச் சொல்கிறேன். தேதியோடு படம் எடுத்து, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கரை பழசு என்பது பதிலாகாது.

அப்புறம், ஏழு வீட்டாரும் கையெழுத்திட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 152-ஆம் பிரிவின்படி, விழுந்து ஆளுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய கட்டுமானத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ அவர் உத்தரவிடலாம். நீர்வளத் துறைப் பொறியாளரை வைத்து ஆய்வு செய்யவும், உபரி நீர் வழியும் கலிங்கு அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்கவும், நீர்மட்டத்தை உடனே குறைக்கவும் மனுவிலேயே கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம், நிலங்களின் வகையும் உரிமையும் குறித்த அ-பதிவேட்டையும் பாருங்கள். ஓடை புறம்போக்கு என்று இருந்தால் மறித்ததே ஆக்கிரமிப்பு, வழக்கு இன்னும் வலுக்கும்.

ஆத்திரத்தில் இரவோடு இரவாகக் கரையை வெட்டிவிடாதீர்கள். தண்ணீர் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், குற்ற வழக்கும் உங்கள் மேல்தான்.

கசிவு தெளிவாகவும் அளவு கூடாமலும் இருக்கும்வரை மனுவுக்கு நேரம் இருக்கலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட்டு, வட்டாட்சியரையும் 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணையும் அழையுங்கள்.