ஆழ்கடலில் கரண்ட் போனால்?

கேள்வி: என் வாப்பா சங்கு குளிப்பவர். மூணு பாகம் (மூணு முறை கையை விரித்த நீளம்) இறங்கினாலே காது அடைக்கும் என்பார். ஆட்களை ஏற்றிக்கொண்டு 6000 மீட்டர் ஆழம் போகப்போகும் இந்திய ஆய்வுக் கலமான 'மத்ஸ்யா 6000'-இல் இருப்பவர்கள் எப்படித் தாங்குவார்கள்? கீழே கரண்ட் போய்விட்டால்?
- கல்லூரி மாணவி, பெரியபட்டினம்

பதில்: மகளே, கீழக்கரையில் என் மாமாவும் சங்கு குளித்தவர்தான். மூக்கைப் பொத்திக் காதுக்குள் காற்றைத் தள்ளாமல் இறங்கவே மாட்டார். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. 6000 மீட்டரில் ஏறத்தாழ 600 மடங்கு. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் 600 கிலோ அமுக்கும்.

உள்ளே இருக்கும் மூவருக்கும் அது தெரியாது. உங்கள் வீட்டுத் திண்ணையில் உள்ள அதே அழுத்தம்தான் அங்கேயும். அதனால் நேரே மேலே ஏறி வரலாம். கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்குகிறவர் அப்படி அவசரமாக ஏறினால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டி ஆளை முடக்கிவிடும். வாப்பாவும் கம்ப்ரசரில் இறங்குகிறவர் என்றால் மெதுவாக ஏறச் சொல்.

சுமை முழுவதையும் வாங்குவது அவர்கள் உட்கார்ந்திருக்கும் டைட்டானியம் உருண்டை. உள்விட்டம் 2.1 மீட்டர், சுவர் 80 மில்லிமீட்டர். உருண்டைக்கு மூலை கிடையாது. எல்லா இடமும் சமமாகத் தாங்கும். இரண்டு அரைக்கோளங்களைச் சேர்க்கும் வெல்டிங்தான் எனக்குப் பெரிய அதிசயம். சூடேறிய டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, நொறுங்கும் பதத்துக்குப் போய்விடும். எனவே காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் எலக்ட்ரான் கற்றையால் உருக்கி இணைக்கிறார்கள். சுற்றி வந்தால் ஏழு மீட்டர். எங்கேயும் பிசகக் கூடாது.

சரி, கரண்ட். 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் 'ட்ரியெஸ்ட்' கலத்தில் உலகக் கடல்களிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடிவரை, ஏறத்தாழ 10,900 மீட்டர், போனார்கள். பாரத்துக்கு ஏற்றிய இரும்புக் குண்டுகளை மின்காந்தம் பிடித்திருந்தது. கரண்ட் போனால் பிடி விடும், குண்டு கொட்டும், கலம் தானாக மேலே வரும். என்ன அருமையான யோசனை! எடையைக் கழற்றிவிட்டு மிதந்து வருவதுதான் இன்றைக்கும் வழி. மிதப்புக்கு அன்று பெட்ரோல். இன்று நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைப் பிசினில் கலந்து வார்த்த கட்டிகள். மத்ஸ்யாவின் வழக்கமான பயணம் 12 மணி நேரம். ஆபத்து என்றால் 96 மணி நேரம் உயிர் காக்க ஏற்பாடு உண்டு.

கேள்வி: மத்ஸ்யாவை நம் கடலில் இறக்கிப் பார்க்கலாமே?
- வாசகர், பாம்பன்

பதில்: பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் 15 மீட்டர்கூட ஆழமில்லை. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் இறக்கிச் சோதித்தார்கள். அது போகவேண்டியது மத்திய இந்தியப் பெருங்கடலுக்கு. நிக்கல், கோபால்ட், மாங்கனீசு கலந்த உருண்டைகள் அங்கே 5000 மீட்டருக்கும் கீழே கிடக்கின்றன.