4294967297: பகா எண் வேஷம் போட்ட எண்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே எண்ணைப் பற்றியவை. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் எண் அது: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

கேள்வி: 2, 3, 5, 7, 11, 13 எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், மீதி வருகிறது. அப்படியானால் பகா எண்தானே?

இல்லை. நீங்கள் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள். இது 641 × 6700417. இரண்டுமே பகா எண்கள். ஏமாந்தது நீங்கள் மட்டுமல்ல. 2-ஐ 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளுக்கு ஏற்றி 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்து வருவது இதுதான்; முதல் ஐந்தும் பகா எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணிதவியலர் ஆய்லர் 641-ஐக் காட்டினார்.

கேள்வி: கால்குலேட்டர் இல்லாமல் 641-ஐ எப்படிப் பிடிப்பது?

வரிசையாக வகுத்தாலே பிடித்துவிடலாம்; 641 என்பது 116-ஆவது பகா எண்தான். ஆனால் குறுக்கு வழி உண்டு. இந்த எண்ணின் எந்த வகுத்தியை 64-ஆல் வகுத்தாலும் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது!

கேள்வி: வகுக்காமலே நிரூபிக்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது. 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் வரிப்படி, 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. நாலாம் அடுக்குக்கு ஏற்றினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாம் வரிப்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். சரி, போட்டால் −2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது. ஒரு தாள்கூடத் தேவையில்லை.

கேள்வி: ஃபெர்மாவின் சிறு தேற்றமே இதைக் காட்டிக்கொடுத்திருக்காதா?

ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு ஏற்றி அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்பதுதான் அந்தத் தேற்றம். 2-ஐ வைத்துச் சோதித்தால் காட்டிக்கொடுக்காது. எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ ஏற்றி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. பகா எண் நடந்துகொள்வது போலவே நடந்துகொள்கிறது. 3-ஐ வைத்துச் செய்தால் மீதி 3029026160. வேஷம் கலைந்துவிடும்.

கேள்வி: என் புரோகிராமில் இதைப் போட்டால் 1 என்று வருகிறதே?

32 பிட் குறியில்லா முழு எண்ணில் 4294967295 வரைதான் இடம். அதற்கு மேல் போனால் மறுபடி 0-இலிருந்து தொடங்கும். 64 பிட்டுக்கு மாறுங்கள்.

கேள்வி: இது இரண்டு வர்க்கங்களின் கூட்டலா?

ஆமாம், 65536² + 1². இன்னொரு விதமாகவும் வரும்: 62264² + 20449². பகா எண்ணுக்கு இப்படி இரண்டு வழி இருக்கவே முடியாது. ஆக, 641-ஐப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட இதை வைத்தே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.