நண்பர்களுக்குச் சொந்தமாக ஒரு சாட் சர்வர்: கேள்வி பதில்

பெரிய கம்பெனி ஆப்களை விட்டுவிட்டு, நண்பர்கள் மட்டும் பேசிக்கொள்ள சொந்த சர்வர் (செய்திகளை வாங்கி அனுப்பும் கணினி) வைப்பது பற்றி நம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

பெருந்துறை: கல்லூரி நண்பர்கள் 12 பேர் இருக்கிறோம். மேட்ரிக்ஸ் வைக்கலாமா, எக்ஸ்எம்பிபி வைக்கலாமாங்கண்ணா?

இரண்டுமே சொந்த சர்வரில் சாட் நடத்தும் முறைகள். எக்ஸ்எம்பிபி வையுங்க தம்பி. அதிலும் ஸ்னிக்கெட் என்ற தொகுப்பை வையுங்க. உள்ளே ஓடுவது ப்ரோசடி என்ற சர்வர்தான். சின்ன விபிஎஸ்ஸில் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) சத்தமில்லாமல் ஓடும். பழைய சமாச்சாரம் என்று யாராவது சொன்னால், வாட்ஸ்அப்பே எக்ஸ்எம்பிபி சர்வரான ஈஜாபர்டியை எடுத்து மாற்றித்தான் தொடங்கியது என்று சொல்லுங்க.

நான் ஸ்னிக்கெட்டைச் சொல்லக் காரணம் அதன் அழைப்பு லிங்க். நீங்கள் அனுப்பும் லிங்கைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும், ஆப்பை இறக்கச் சொல்லும், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், அவ்வளவுதான். உள்ளே போனதும் குழு நண்பர்கள் பட்டியலில் தானாக வந்துவிடுவார்கள். சர்வர் முகவரி என்ன, போர்ட் என்ன என்று யாரும் உங்களுக்கு ராத்திரியில் போன் பண்ண மாட்டார்கள். பன்னிரண்டு பேரில் போன் விஷயம் ஒன்றுமே தெரியாதவர் யாரோ, அவருக்கு எது சுலபமோ அதைத்தான் எடுக்க வேண்டும்.

மேட்ரிக்ஸ் மோசமில்லை. அதற்கான எலிமென்ட் ஆப் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் சினாப்ஸ் என்ற சர்வர் மென்பொருள் ரேம் அதிகம் கேட்கும். உங்களில் ஒருவர் ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் வெளி அறையில் (வேறு சர்வரில் இருக்கும் பொதுக் குழு) சேர்ந்துவிட்டால், அந்த அறையின் விவரமெல்லாம் உங்கள் டேட்டாபேஸில் வந்து குவியும். மேட்ரிக்ஸ்தான் வேண்டும் என்றால் வெளி சர்வர் இணைப்பை மூடிவிட்டு நடத்துங்க, பாதி தலைவலி குறையும். டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளைப் போடுங்க, தானாக வரும் எஸ்கியூலைட்டோடு விட்டுவிடாதீங்க.

ஒன்றை மட்டும் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்க. ஸ்னிக்கெட் செய்திகளைப் பொதுவாக 7 நாள்தான் சர்வரில் வைத்திருக்கும், அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஓமேமோ என்க்ரிப்ஷன் (பேசுபவர்கள் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) போட்டிருந்தால் புது போனில் பழைய பேச்சு தெரியாது. பழைய படங்கள் முக்கியம் என்பவர்கள் தனியே சேமித்துக்கொள்ள வேண்டும்.

கோபி: வீட்டில் பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது. அதையே சர்வர் ஆக்கலாமா?

முதலில் ரூட்டருக்குள் போய் வேன் ஐபி (WAN IP, இணையத்தின் பக்கம் ரூட்டருக்குக் கிடைத்த முகவரி எண்) என்ன என்று பாருங்க. அது 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், உங்கள் இணைப்புக்குத் தனி ஐபி இல்லை, பலரோடு பகிர்ந்தது என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டு சர்வரைத் தொட முடியாது. கேபிள்காரரிடம் ஸ்டேட்டிக் ஐபி (மாறாத தனி ஐபி) கிடைக்குமா என்று கேளுங்க. கிடைக்காவிட்டால் விபிஎஸ்தான் வழி, மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும்படி எடுத்தால் வேகம் நன்றாக இருக்கும்.

ஐபி சரி என்றால், அடுத்தது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். லேப்டாப் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் தாங்காது. அதற்குச் சின்ன யுபிஎஸ் வேண்டும். வருஷக்கணக்கில் சார்ஜில் கிடக்கும் பழைய பேட்டரி உப்பிவிடும், அப்பப்போ அடிப்பக்கத்தைப் பாருங்க.

திருப்பூர்: பனியன் யூனிட் நடத்தும் நண்பர்கள் 8 பேர். பையர், நூல் விலை, டையிங் எல்லாம் ஒரே குழுவில் கலந்துவிடுகிறது.

உங்களுக்கு மட்டும் நான் ஸ்னிக்கெட் சொல்ல மாட்டேன். ஜூலிப் என்ற சாட் மென்பொருளைப் போடுங்க. அதில் ஒவ்வொரு பேச்சுக்கும் தலைப்பு உண்டு. டையிங் தலைப்பை நாலு நாள் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும். முழு என்க்ரிப்ஷன் கிடையாது, சர்வரைப் பார்த்துக்கொள்பவர் நினைத்தால் படிக்க முடியும். அதனால் அந்தப் பொறுப்பு எல்லோரும் நம்புகிற ஆளிடம் இருக்கட்டும். போனில் நோட்டிபிகேஷன் வர சர்வரை ஜூலிப்பில் பதிவு செய்யவும் மறக்காதீங்க.

உடுமலை: கேம் ஆடும்போது பேச மட்டும்தான்.

மம்பிள் என்ற குரல்வழிப் பேச்சு மென்பொருள். தாமதமே தெரியாது. வேறெதுவும் தேட வேண்டாம்.

கரூர்: டொமைன் அப்புறம் வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது, டொமைன் என்கிற இணையப் பெயரை வாங்குவதுதான் முதல் வேலை. எக்ஸ்எம்பிபியிலும் மேட்ரிக்ஸிலும் ஒவ்வொருவர் ஐடியிலும் டொமைன் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் பெயரை மாற்றினால் எல்லோரும் புதுசாகக் கணக்குத் தொடங்க வேண்டியதுதான். வருஷக் கட்டணம் தானாகப் பிடிக்கும்படி வைத்துவிடுங்க. டொமைன் காலாவதியாகி வேறொருவர் வாங்கிவிட்டால் உங்கள் முகவரி மொத்தமும் அவர் கையில்.

பொள்ளாச்சி: எங்கள் குழுவில் நான்தான் எல்லாம் பார்க்கிறேன். அடுத்த மாதம் வெளிநாடு போகிறேன். என்ன செய்வதுங்கண்ணா?

இந்தக் கேள்வியை எல்லோரும் தொடங்கும்போதே கேட்க வேண்டும் அம்மிணி. குழுவில் இன்னொருவரை இப்போதே அட்மின் ஆக்குங்க. அப்டேட் போடுவதை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை அவர் கையாலேயே செய்யவையுங்க. பேக்கப் அதே சர்வரில் இருந்தால் அது பேக்கப் இல்லை, வேறு இடத்துக்குத் தினமும் ஒரு நகல் போகட்டும். கிளம்புவதற்கு முன் அந்த நகலிலிருந்து வேறொரு கணினியில் சர்வரை எழுப்பிப் பாருங்க. எழுந்துவிட்டால், அதற்கான கட்டளைகளை ஒரு தாளில் எழுதி, டொமைன் கணக்கு, விபிஎஸ் கணக்குக் கடவுச்சொற்களோடு அவரிடம் கொடுத்துவிடுங்க.