விற்பனை குறையவில்லை, லாபம் மட்டும் காணோம்

கேள்வி: மார்த்தாண்டத்தில் அப்பா தொடங்கிய பழ ஏற்றுமதி நிறுவனத்தை நடத்துகிறேன். ஏத்தன் (நேந்திரன்), செவ்வாழை, மட்டி என்று மூன்று வாழை ரகங்களையும் துபாய்க்கும் தோஹாவுக்கும் அனுப்புகிறோம். இரண்டு ஊரிலும் கிளை உண்டு. விற்பனை குறையவில்லை, ஆனால் மூன்று வருடமாக நஷ்டம். வங்கித் தவணையும் பாக்கி விழுந்துவிட்டது. ஆட்களைக் குறைக்கவா, அன்னாசி, மாம்பழம் சேர்த்து வியாபாரத்தைப் பெருக்கவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சரக்கு போகிறது, பணம் வரவில்லை என்றால் நடுவழியில் எங்கோ ஒழுகுகிறது. வருடக் கணக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. லோடுவாரியாக, ரகவாரியாகத் தனிக் கணக்குப் போடுங்கள். கொள்முதல், வெட்டுக்கூலி, பெட்டி, சரக்குக் கட்டணம், 'பழம் சரியில்லை' என்று அங்கே கழித்த தொகை, கடைசியில் கைக்கு வந்தது. அதே தாளில் குலை வெட்டிய நேரத்தையும் குளிரறைக்குள் போன நேரத்தையும் எழுதுங்கள். சந்தையில் ஏலம் எடுத்த குலைக்கு இதை எழுதவே முடியாது, எப்போது வெட்டியது என்று ஏலக்காரருக்கே தெரியாது. வெளிநாட்டுச் சரக்கைத் தோட்டத்திலேயே பேசி, முக்கால் பதத்துக்குச் சற்று மேல் முற்றியதும் காலை வெயிலுக்கு முன் வெட்டி எடுங்கள்.

செலவைக் குறைக்கிறேன் என்று வேகத்தைக் குறைத்துவிடாதீர்கள். 1933-ல், உலகப் பொருளாதார மந்தநிலையில் தள்ளாடிய அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியான யுனைடெட் ஃப்ரூட்டை, சாமுவேல் செமுரே என்கிற வாழை வியாபாரி கையில் எடுத்தபோது கண்ட கோளாறுகளில் ஒன்று இது. எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கப்பல்களை மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்தார்கள். மிச்சமானதைவிட வழியில் கெட்டதுதான் அதிகம். முழு வேகத்தில் ஓட்டச் சொன்னார். (மத்திய அமெரிக்காவில் அந்தக் கம்பெனி செய்த அட்டூழியம் தனிக்கதை. அதை யாரும் பின்பற்ற வேண்டாம்.) இதே ஆள் தொழிலுக்கு வந்தது, பெரிய வியாபாரிகள் கழித்துப் போட்ட பழுத்த பழத்தை வாங்கி உடனே விற்றுத்தான். உங்களிடம் தரம் பிரிக்கையில் கழியும் ஏத்தங்காய் என்ன ஆகிறது? அன்றைக்கே சிப்ஸ் போடுகிறவரிடம் போக ஒப்பந்தம் பேசி வையுங்கள். கொட்டகையில் இரண்டு நாள் கிடந்தால் அதற்கும் ஆகாது.

அப்புறம் குளிர். கன்டெய்னரில் வாழைக்கு 13 முதல் 14 டிகிரி செல்சியஸ் வேண்டும். இன்னும் குறைத்து வைத்தால் பத்திரம் என்று நினைத்து 10-க்கு இறக்குகிறவர்கள் உண்டு. தோல் சாம்பலாகக் கறுக்கும், பழமும் ஒழுங்காகப் பழுக்காது. பெட்டிக்குள் ஒரு வெப்பப் பதிவுக் கருவி போட்டு அனுப்புங்கள். பதிவு இல்லாமல் எதிராளி கழிக்கும் தொகையை எதிர்த்து வாயைத் திறக்க முடியாது. 'விற்றபின் தருகிறேன்' என்கிற ஏற்பாட்டைப் படிப்படியாக நிறுத்தி நிலையான விலைக்கு வாருங்கள். மறுப்பவருக்கு இ.சி.ஜி.சி. (வாங்கியவர் பணம் தராவிட்டால் ஏற்றுமதியாளருக்கு ஈடு தரும் அரசு நிறுவனம்) காப்பீடு இல்லாமல் சரக்கு விடாதீர்கள்.

மட்டியை விமானத்தில் மட்டும், அதுவும் ஆர்டர் கையில் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டால் அந்தப் பெயரைப் பெட்டியில் போட்டுக் கூடுதல் விலை கேட்கலாம். கிளைகளைப் பொறுத்தவரை, லோடு கணக்கில் தன் வாடகையைக்கூடத் தூக்காததை மூடி, அந்த ஊருக்கு ஒரு முகவரைப் போடுங்கள். ஆட்களை, முக்கியமாகப் பழகிய வெட்டுகாரர்களை, விட்டுவிடாதீர்கள்.

அவசரமான வேலை வங்கிதான். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்குமுன் நீங்களே போய்ப் பேசுங்கள். சிறு, குறு, நடுத்தர நிறுவனமாகப் பதிவு இருந்து கடன் 25 கோடிக்குள் என்றால், ரிசர்வ் வங்கி 2016-ல் கொண்டுவந்த மறுசீரமைப்பு ஏற்பாட்டில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கடைசி சில லோடுகளின் கணக்கையும், எந்தக் கிளையை எப்போது மூடுகிறீர்கள் என்பதையும் எழுத்தில் கொண்டுபோங்கள். வெறும் கையோடு போய் அவகாசம் கேட்டால் மேலாளர் தலையை ஆட்டுவார், கோப்பு நகராது.