பழைய ‘த்ரீ நாட் த்ரீ’: எதைப் பார்த்து வாங்குவது, செலவில்லாமல் எப்படிச் சுடுவது?

கேள்வி: அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். ஊரில் போலீஸ்காரர் தோளில் பார்த்த ‘த்ரீ நாட் த்ரீ’ (.303) லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஒன்றை வாங்கி ரேஞ்சில் சுட ஆசை. தோட்டா விலையைக் கேட்டால்தான் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். கிரீன் கார்டு இருந்தால் கூட்டாட்சிச் சட்டம் தடுக்காது. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே இருக்கின்றன. நண்பருடைய துப்பாக்கியை ரேஞ்சில் கையில் வாங்குவதும் இந்தத் தடைக்குள் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 50 ஆண்டு பழைய துப்பாக்கிகளைச் சேகரிக்க ‘டைப் 03’ உரிமம் இருக்கிறது. 3 ஆண்டுக்கு 30 டாலர். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். மாநிலச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதைத் தனியாகப் பாருங்கள்.

சுடுவதுதான் நோக்கம் என்றால் மரக்கட்டை முழுதாக உள்ள அசலுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் முன்கட்டையை அறுத்து வேட்டைக்காக மாற்றிய ‘ஸ்போர்ட்டர்’ துப்பாக்கிகளைச் சேகரிப்பாளர்கள் சீண்டுவதில்லை, அதனாலேயே அவை மலிவு. குழல் நன்றாக இருந்தால் குறி அதே குறிதான்.

கடையில் போல்ட்டை (குழலின் பின்புறத்தை மூடும், முன்பின் நகரும் உருளை) திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு சோதனையைத் தொடங்குங்கள். போல்ட் கைப்பிடியின் அடியில் உள்ள எண்ணும் துப்பாக்கி உடலில் உள்ள எண்ணும் ஒன்றா? இல்லையென்றால் ஹெட்ஸ்பேஸ் (அறையில் உட்கார்ந்த தோட்டாவுக்குப் பின்னால் போல்ட் வரை விடப்படும் இடம்) அளக்காமல் வாங்காதீர்கள். அமெரிக்காவில் சேவேஜும் கனடாவில் லாங் பிராஞ்சும் செய்த ‘நம்பர் 4 மார்க் 1 ஸ்டார்’ என்றால் இன்னொரு சோதனையும் தேவை. போல்ட் தலை நகரும் தண்டவாளத்தில், அதைக் கழற்றுவதற்காக ஒரு வெட்டு இருக்கும். அந்த இடம் உடைந்திருந்தால், சுட்டபின் போல்ட்டை வேகமாக இழுக்கும்போது தலை எகிறி வெளியே வந்துவிடும். போல்ட்டை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தபடி தலையை விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

குழல் கறுத்திருப்பதற்காக ஒதுக்காதீர்கள். வாய்ப்பகுதி தேய்ந்திருப்பதுதான் குறியைக் கெடுக்கும். தோட்டாவில் பொருத்தாத தனிக் குண்டு ஒன்றைக் கொண்டுபோய், அதன் கூர்முனையைக் குழலின் வாயில் வையுங்கள். உருளைப் பகுதி முழுதும் தடையின்றி உள்ளே போனால் வாய் தேய்ந்துவிட்டது என்று பொருள். ‘டி.பி.’ முத்திரை இருந்தால் அது கவாத்துப் பயிற்சித் துப்பாக்கி. சுடக் கூடாது.

நம் இஷாப்பூர் தொழிற்சாலையின் 2ஏ1-ம் அங்கே கிடைக்கும். அது .303 அல்ல, 7.62 நேட்டோ தோட்டாவுக்குச் செய்தது. 12 தோட்டா பிடிக்கும் சதுரமான மேகசினைப் பார்த்தால் அடையாளம் தெரியும். அதன் பின்கட்டையைக் கழற்ற வேண்டி வந்தால் முன்கட்டையை முதலில் எடுத்துவிடுங்கள். பின்கட்டையைப் பிடிக்கும் நீளத் திருகாணியின் சதுர முனை முன்கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். அப்படியே திருகினால் மரம் பிளந்துவிடும்.

இனி செலவு. தோட்டாவில் விலை அதிகமானது பித்தளைக் கூடு. ஆகவே கூட்டைக் காப்பாற்றுவதுதான் சிக்கனம். செர்பியாவின் பிரிவி பார்ட்டிசான் தோட்டாக்களின் கூடுகளை மறுபடி நிரப்பலாம். ஆனால் .303 கூடு இரண்டு மூன்று முறையில் அடியோடு அறுந்துபோகிறது என்று எல்லோரும் குறைசொல்வார்கள். போர்க்களச் சேற்றிலும் தோட்டா நுழைய வேண்டும் என்பதற்காக, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைத் தாராளமாகக் கடைந்திருக்கிறார்கள். வெடிக்கும்போது கூட்டின் முன்பகுதி அறைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், அடிப்பகுதி போல்ட் வரை பின்னால் போகும். நடுவில் பித்தளை இழுபடும். முதல் முறை சுடும்போது கூட்டின் அடிவிளிம்புக்கு முன்னால் மெல்லிய ரப்பர் வளையம் (ஓ-ரிங்) ஒன்றை மாட்டுங்கள். அது கூட்டைப் போல்ட்டோடு அணைத்துப் பிடிப்பதால் கூடு நீளாமல் அறையின் வடிவத்துக்கு உப்பும். அதன்பின் முழுக் கூட்டையும் அச்சில் அழுத்தாமல் கழுத்தை மட்டும் சரிசெய்யுங்கள், அதே துப்பாக்கியில் மட்டும் சுடுங்கள். ஒவ்வொரு முறையும் பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் அந்தக் கூடு குப்பைக்கு.

அடுத்த மிச்சம், ஈய வார்ப்புக் குண்டு. முழு வேகத் தோட்டாவுக்குச் சுமார் 40 கிரெய்ன் வெடிமருந்து (ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன்) என்றால் ஒரு பவுண்டில் 175 தோட்டா வரும். வார்ப்புக் குண்டுக்கு வேகமாக எரியும் மருந்து 13 கிரெய்ன் அளவில் போதும் என்றால் 500-க்கு மேல் வரும். உங்கள் மருந்துக்கும் குண்டுக்குமான சரியான அளவை மருந்து நிறுவனத்தின் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். இவ்வளவு குறைந்த மருந்து கூட்டின் அடியில் கிடக்கும். தவறி இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, துப்பாக்கிதான் வெடிக்கும். குண்டைப் பொருத்தும் முன் எல்லாக் கூடுகளையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதில் சோம்பலுக்கு இடமே இல்லை.

குண்டின் விட்டம் 0.311 அங்குலம் என்று பெட்டியில் போட்டிருப்பது ஈயத்துக்குப் பெரும்பாலும் போதாது. வாயு பக்கவாட்டில் ஒழுகி, குழலில் ஈயம் அப்பிக்கொள்ளும். 0.314-லிருந்து தொடங்குங்கள், தோட்டா அறைக்குள் தடையின்றிப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். குழலுக்குள் ஈயத்துண்டை அடித்துச் செலுத்தி, அதை அளக்கலாமே என்றால், 5 காடிக் (காடி என்பது குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளம்) குழலில் ஒரு காடிக்கு நேரெதிரே மேடுதான் இருக்கும், வெர்னியர் தப்புக் காட்டும். போர்க்காலத்து 2 காடிக் குழலில் அந்தச் சிக்கல் இல்லை.

மலிவாகக் கிடைக்கிறதென்று 1950, 60-களின் கார்டைட் (பழைய வகை வெடிமருந்து) தோட்டாக்களை வாங்கினால் இரண்டு விஷயம். குதிரையை அழுத்தி ‘கிளிக்’ என்று மட்டும் கேட்டால், குழலை இலக்கை நோக்கியே 30 விநாடி வைத்திருந்து பிறகு போல்ட்டைத் திறவுங்கள். தாமதமாக வெடிப்பது அவற்றில் சகஜம். அடுத்தது, அந்தப் பிரைமர்கள் (தோட்டாவின் அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடிகள்) குழலில் உப்பை விட்டுப்போகும். உப்பு எண்ணெயில் கரையாது. எவ்வளவு எண்ணெய் போட்டாலும் அதன் அடியில் துரு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே போல்ட்டைக் கழற்றி, புனல் வைத்து அறைப் பக்கமிருந்து ஒரு லிட்டர் கொதிநீர் ஊற்றுங்கள். குழல் சூடேறித் தானே காய்ந்துவிடும். பிறகு எண்ணெய்த் துணி. போல்ட் தலையையும் அதே நீரில் கழுவ மறக்காதீர்கள், உப்பு அங்கேயும் படியும்.