ஊர்க்காரன் சொன்னால் போதாதா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியைப் பற்றி விக்கிப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் நாலு பத்தி சேர்த்தேன். மதகு எப்போது கட்டினார்கள், எந்தெந்த ஊருக்குத் தண்ணீர் பாய்கிறது, எல்லாம் எழுதியிருந்தேன். மறுநாள் 'சான்று இல்லை' என்று யாரோ ஒருவர் மொத்தத்தையும் தூக்கிவிட்டார். ஏரிக்கரையிலேயே வளர்ந்த எனக்குத் தெரியாததா அவருக்குத் தெரியும்?
- ஒரு வாசகர், செய்யாறு

பதில்: தெரியாதுதான். ஆனால் அங்கே யாருக்குத் தெரியும் என்று பார்ப்பதில்லை, எதில் வெளியாகியிருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத்துக்கே இந்தக் கதிதான். 2000-இல் வந்த அவருடைய நாவல் ஒன்றின் நாயகன் யாரை வைத்து உருவானவன் என்பது பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் இருந்ததை அவர் மறுத்தார். நாவலை எழுதியவரே சொன்னாலும் வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. மனிதர் கடுப்பாகி, 2012 செப்டம்பரில் நியூ யார்க்கர் இதழின் இணையதளத்தில் நீளமாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வெளியாகிவிட்டதே, அப்புறம் அந்தக் கடிதமே சான்றாகிவிட்டது!

உங்கள் நாலு பத்தியும் எங்கும் போய்விடவில்லை. கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தைத் திறந்தால் உங்கள் பதிப்பு அப்படியே இருக்கும், நீக்கியவர் எழுதிய காரணமும் பக்கத்திலேயே இருக்கும். கோபத்தில் திரும்பத் திரும்பப் பழையபடி மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அப்படிச் செய்தால், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் கணக்கை முடக்கிவிடுவார்கள். கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் இடமான பேச்சுப் பக்கத்தில் போய், எந்த வரிக்குச் சான்று வேண்டும் என்று கேளுங்கள். வெள்ளைக்காரர் காலத்து மாவட்ட விவரக் குறிப்பு நூல்களான மானுவல், கெசட்டியர், தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுப்பு இவற்றில் ஏரியின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இதில் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு: வெள்ளைக்கார கலெக்டர் எழுதிவைத்த ஏரிக்குச் சான்று இருக்கும், அவர் குதிரை போகாத ஊர் ஏரிக்கு இருக்காது. அந்த ஊர்க்காரர்கள் முதலில் ஒரு சிற்றிதழிலோ நாளிதழின் மாவட்டப் பக்கத்திலோ எழுதிவிட்டு வருவதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் அப்பாவைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் தொடங்கினேன். 'குறிப்பிடத்தக்கவர் அல்ல' என்று நீக்கிவிட்டார்கள். அவமானமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த முத்திரையைப் பார்த்து நொந்துபோகாதீர்கள் அம்மா. கனடா இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லேண்ட் பற்றி ஒருவர் எழுதிய வரைவை, போதிய சான்று இல்லை என்று 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், அன்றைக்கே பக்கம் வந்துவிட்டது. ஒருவரைப் பற்றி வெளியே பிறர் போதுமான அளவு எழுதியிருக்கிறார்களா என்பதை மட்டும்தான் அந்த வார்த்தை சொல்கிறது, ஆளின் தகுதியை அல்ல. ஆனால் ஒன்று, மகளே அப்பாவைப் பற்றி எழுதினால் யாராக இருந்தாலும் சந்தேகப்படத்தான் செய்வார்கள். அவருடைய மாணவர்களைச் சேர்த்து ஒரு மலர் போடுங்களேன், அதில் அவர் அடித்த பிரம்படியைக்கூட எழுதலாம், எவரும் சான்று கேட்கமாட்டார்கள்.

கேள்வி: நானே எழுதிய புத்தகத்திலிருந்து ஓர் அத்தியாயத்தை விக்கிப்பீடியாவில் போட்டேன். காப்புரிமை மீறல் என்கிறார்கள். என் புத்தகம்தானே?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: எழுதியது நீங்கள்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முறையாக மின்னஞ்சலில் அனுமதி தரலாம். அதற்கு முன்னால், பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அங்கே போட்டுவிட்டால், உங்கள் பெயரையும் அங்குள்ள பொது உரிமத்தையும் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் அதை அச்சடித்து விற்கலாம், அதற்குச் சம்மதமா?